தோற்றாலும் கலையாத கூட்டம்

2024 ஆகஸ்ட் 26, பாஸ்டன் நகரத்தின் ஃபென்வே பார்க் மைதானம். பேஸ்பால் பார்க்கப் போகும்போது ஸ்கோர் அட்டையும் பென்சிலும் எடுத்துப்போய், ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் என்ன நடந்தது என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. அட்டையில் ஒரு பக்கம் வெளியூர் அணிக்கு, மறுபக்கம் உள்ளூர் அணிக்கு. அன்றைக்கு அட்டை எழுதியவர்கள் டேனி ஜான்சன் என்ற ஒரே பெயரை இரண்டு பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது.

அந்த ஆட்டம் உண்மையில் தொடங்கியது ஜூன் 26-ல். டொரான்டோ புளூ ஜேஸ் அணியின் கேட்சரான ஜான்சன் இரண்டாவது இன்னிங்ஸில் மட்டையோடு வந்து நின்றார். முதல் பந்து ஃபவுல், கணக்கில் ஒரு ஸ்ட்ரைக். அடுத்த பந்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து ஆகஸ்டில் தொடரலாம் என்று முடிவானது. இடையில், ஜூலை 27 அன்று, டொரான்டோ நிர்வாகம் ஜான்சனை எதிரணியான பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கே டிரேடு செய்துவிட்டது. ஆகஸ்டில் ஆட்டம் தொடர்ந்தபோது, ஜான்சன் பாதியில் விட்டுப்போன முறையை முடித்துவைக்க டால்டன் வார்ஷோ வந்தார். அவருக்குப் பின்னால் பாஸ்டன் உடையில், கையுறையோடு குந்தி உட்கார்ந்திருந்த கேட்சர் ஜான்சன்தான். வார்ஷோ ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்கும் ஆடிய முதல் மேஜர் லீக் ஆட்டக்காரர் என்று ஜான்சன் பெயர் பதிவேட்டில் ஏறியது.

டொரான்டோ 4-1 என்று ஜெயித்தது. அந்த வருடம் இந்த இரண்டு அணிகளுமே பிளே ஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமில்லாத ஆட்டம். அன்று பென்சிலோடு உட்கார்ந்திருந்தவர்களோ அந்த அட்டையைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள்.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடியும்வரை, வாரத்தில் ஐந்தாறு நாள் ஆட்டம் இருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குச் சீசனில் 17 ஆட்டம்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் நீளம் புரியும். 2024-ல் கோப்பையைத் தூக்கிய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியே 64 ஆட்டங்களில் தோற்றது. தோல்வியும் வெற்றியும் அன்றாடச் சமாச்சாரம் ஆகிவிட்ட இப்படியொரு விளையாட்டில், கோப்பை என்பது அக்டோபர் மாதத்துச் சேதி மட்டும்தான். மற்ற ஆறு மாதமும் ரசிகரைப் பிடித்து உட்கார வைப்பது, இதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒன்று இன்றைக்கு நடக்கலாம் என்ற நம்பிக்கை. 2024 அந்த நம்பிக்கைக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த வருடம். அந்தச் சீசனின் நாயகர்கள் காலரியில் இருந்தவர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

121

சிகாகோவின் தென்பகுதிக்காரர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்களுடைய அணி ஒயிட் சாக்ஸ், 2024-ஐ முதல் 25 ஆட்டங்களில் வெறும் மூன்று வெற்றியோடு தொடங்கியது. ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை வரிசையாக 21 ஆட்டங்களில் தோற்றது. ஆகஸ்ட் 6-ல் ஓக்லாந்து மண்ணில் 5-1 என்று ஒரு வெற்றி கிடைத்தது. இரண்டு நாள் கழித்து மேலாளர் பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் தோல்வி நிற்கவில்லை.

இந்தக் காலத்துப் பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக ஆட்டம் தோற்ற சாதனை அதுவரை 1962-ன் நியூயார்க் மெட்ஸிடம் இருந்தது: 120 தோல்வி. அந்த மெட்ஸ் அப்போதுதான் பிறந்த அணி. மற்ற அணிகள் வேண்டாமென்று விட்டவர்களைச் சேர்த்துக் கட்டியது. கேசி ஸ்டெங்கல் என்ற கிழட்டுச் சிங்கம் மேலாளர். ஊரே அதைச் செல்லமாக வைத்துக்கொண்டது. ஒயிட் சாக்ஸின் கதை அப்படியானது இல்லை. மூன்று வருடம் முன்னால், 2021-ல் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த அணி அது. சிகாகோக்காரர்களின் கோபம் மைதானத்தில் தடுமாறிய இளைஞர்கள்மீது போகவில்லை. 1981-லிருந்து அணியை வைத்திருக்கும் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் பக்கம் போனது.

செப்டம்பர் 22 அன்று சான் டியேகோவில் தோற்று 120-ஐத் தொட்டார்கள். சீசனின் கடைசி உள்ளூர்த் தொடருக்கு ஊர் திரும்பினார்கள். 121-வது தோல்வியை, அந்த வரலாற்றை, கண்ணால் பார்க்க வேண்டும் என்றே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் பலர். காலரியில் ‘டீமை வித்துட்டுப் போ’ என்று கோஷம் எழுந்தது. ஆனால் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிரான அந்த மூன்று ஆட்டங்களையும் ஒயிட் சாக்ஸ் ஜெயித்துவிட்டது! சீசன் முழுக்க வெற்றிக்காகத் தவித்த கூட்டத்துக்கு, தோல்வியைப் பார்க்கலாம் என்று வந்த இடத்தில் மூன்று வெற்றி. கோபமும் கைதட்டலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. தன் அணியை இவ்வளவு நெருக்கமாகப் பின்தொடராத ஒருவருக்கு அப்படிக் கத்த வராது.

சாதனை முறிந்தது செப்டம்பர் 27-ல், டெட்ராய்ட்டில். 4-1 என்று தோல்வி, எண்ணிக்கை 121. மிச்சமிருந்த இரண்டு ஆட்டங்களையும் ஒயிட் சாக்ஸ் ஜெயித்து 41-121 என்று சீசனை முடித்தது. இந்தக் காலத்துக் கணக்கில் சேராத 1899-ல் கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ் 134 ஆட்டங்களில் தோற்றிருக்கிறது. அப்போதும் காரணம் முதலாளிகள்தான். செயின்ட் லூயிஸிலும் ஓர் அணியை வைத்திருந்தவர்கள், நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அங்கே மாற்றிவிட்டுக் கிளீவ்லாண்டை எலும்புக்கூடாக விட்டார்கள்.

தென்பகுதிக்காரர்களுக்கு அடுத்த மே மாதம் வேறொரு வடிவில் ஆறுதல் வந்தது. 2025 மே 8 அன்று வாத்திகனில் புதிய போப்பாக 14-ம் லியோ தேர்வானார். சிகாகோவில் பிறந்து, தென்புறத்துப் புறநகரில் வளர்ந்தவர். எந்த அணிக்காரர் என்று கேள்வி எழுந்தபோது, அவர் எப்போதுமே ஒயிட் சாக்ஸ்தான் என்று உடன்பிறந்தவரே தெளிவுபடுத்தினார். 88 வருட வறட்சிக்குப் பிறகு அந்த அணி கோப்பை வென்ற 2005 வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தில், கூட்டத்துக்கு நடுவே அவர் உட்கார்ந்திருப்பது பழைய தொலைக்காட்சிப் பதிவில் கிடைத்தது. அவர் உட்கார்ந்த பகுதியில் இப்போது ஒரு சுவரோவியம் இருக்கிறது. 121 தோல்வியைத் தாங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதை அந்த மைதானத்துப் பக்கம் போனவர்கள் சொல்வார்கள்.

நம்பிக்கை 0.2 சதவீதம்

ஒயிட் சாக்ஸின் 121-வது தோல்வியன்று எதிர்ப்பக்கம் ஆடிய டெட்ராய்ட் டைகர்ஸ் ரசிகர்கள் கண்ணீரோடு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆட்டத்தில்தான் அவர்களுடைய அணி 2014-க்குப் பிறகு முதன்முறையாகப் பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. ஒரே மைதானத்தில், ஒரே கடைசி அவுட்டில், ஓர் அணிக்குச் சீசனின் உச்சமும் இன்னோர் அணிக்கு வரலாற்றின் அடிமட்டமும். கதையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகஸ்ட் 10 அன்று டைகர்ஸ் 55 வெற்றி, 63 தோல்வி. பிளே ஆஃப் வாய்ப்பு 0.2 சதவீதம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள் புள்ளியியல்காரர்கள். நிர்வாகமும் கைகழுவிவிட்டது. ஜூலை இறுதியில் முக்கியப் பிட்சரான ஜாக் ஃப்ளாஹர்ட்டியை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்திருந்தார்கள். மிஞ்சியது டாரிக் ஸ்கூபல் என்ற ஒரு மகத்தான பிட்சரும், பெயர் தெரியாத ஒரு கூட்டமும். ஸ்கூபல் வீசாத நாட்களில் மேலாளர் ஏ.ஜே. ஹின்ச் ஆறு ஏழு பிட்சர்களைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றி இறக்கினார். ஆகஸ்ட் 10-க்குப் பிறகு ஆடிய 44 ஆட்டங்களில் 31 வெற்றி.

அதே செப்டம்பர் நியூயார்க் மெட்ஸ் ரசிகர்களுக்கும் மறக்காது. முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றுத் தொடங்கிய அணி அது. ஜூன் 12 அன்று மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் வரும் கிரிமேஸ் என்ற ஊதா நிறக் கொழுகொழு பொம்மை வேடக்காரர் ஆட்டத்துக்கு முன் சம்பிரதாயப் பந்தை வீசினார். அன்றிலிருந்து ஏழு ஆட்டம் தொடர்ச்சியாக வெற்றி. ரசிகர்கள் ஊதா உடையில் வரத் தொடங்கிவிட்டார்கள். செப்டம்பரில் மைதானத்தில் ஓர் இருக்கைக்கே ஊதா வண்ணம் அடித்தார்கள்: ஆறாவது வரிசை, பன்னிரண்டாம் எண். ஆறாவது மாதம், பன்னிரண்டாம் தேதி!

கடைசியில் எல்லாம் செப்டம்பர் 30-க்கு வந்து நின்றது. ஹெலீன் புயலால் தள்ளிப்போன இரண்டு ஆட்டங்களை மெட்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் ஒரே நாளில் ஆட வேண்டும். இருவருக்கும் தலா ஒரு வெற்றி போதும். யாராவது ஒருவர் இரண்டிலும் தோற்றால், சீசனை முன்தினமே முடித்துவிட்டுக் காத்திருக்கும் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் உள்ளே வந்துவிடும். முதல் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மெட்ஸ் 0-3 என்று பின்னால். அந்த இன்னிங்ஸில் ஆறு ரன். உடனே அட்லாண்டா பதிலுக்கு நான்கு ரன் எடுத்து 7-6. ஒன்பதாவதில் பிரான்சிஸ்கோ லிண்டோர் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து 8-7 என்று முடித்தார். இரண்டாவது ஆட்டத்தில் அட்லாண்டா 3-0 என்று ஜெயித்தது. மூன்று அணிகளும் 89 வெற்றி, 73 தோல்வி. அரிசோனா ரசிகர்கள் தங்கள் அணி ஆடாத ஆட்டத்தை நாள் முழுக்கப் பார்த்து வெளியே போனார்கள்.

அரிசோனாக்காரர்களுக்கு ஏப்ரல் 30 மட்டும் இனிக்கும். அன்று ஃபீனிக்ஸ் மைதானத்தில், பேட்டருக்குப் பின்னால் தொங்கும் பாதுகாப்பு வலையின் உச்சியில் ஒரு தேனீக்கூட்டம் வந்து அப்பிக்கொண்டது. ஆட்டம் இரண்டு மணி நேரம் போலத் தாமதமானது. தகவல் கிடைத்து ஓடிவந்த தேனீ பிடிப்பவர் ஏணிமேடையில் ஏறி, உறிஞ்சும் கருவியால் அவற்றை வாங்கிக்கொண்டு இறங்கியபோது, அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. சம்பிரதாய முதல் பந்தையும் அவரையே வீசச் சொன்னார்கள். தேனீ பிடிக்கும் உடையோடு வந்து வீசினார். பத்தாவது இன்னிங்ஸில் கிறிஸ்டியன் வாக்கர் அடித்த ஹோம் ரன்னில் அரிசோனா ஜெயித்தது.

திருத்தி எழுதிய பதிவேடு

இந்தச் சீசனின் மிகப் பெரிய மாற்றம் எந்த மைதானத்திலும் நடக்கவில்லை. மே 29 அன்று மேஜர் லீக் தன் பதிவேட்டில் நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களின் 1920 முதல் 1948 வரையிலான கணக்குகளைச் சேர்த்தது. கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக் கதவு மூடியிருந்த காலத்தில், தனியாக நடந்த போட்டிகள் அவை. 2,300-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஏறின. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் பல தலைமுறைகளாக முதலிடத்தில் இருந்த டை காப் (.367) இறங்கினார். ஜாஷ் கிப்சன் (.372) ஏறினார். மேஜர் லீக்கின் நிறத்தடையை ஜாக்கி ராபின்சன் உடைத்தது 1947 ஏப்ரலில். கிப்சன் அதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவு, ஒப்பிட முடியாது என்று சிலர் முணுமுணுத்தார்கள். எண்ணிக்கை ஏன் குறைந்தது, யாரால் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாத எந்த வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

மூன்று வாரம் கழித்து அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், 1910-ல் திறந்த ரிக்வுட் ஃபீல்டில் ஒரு மேஜர் லீக் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. கறுப்பின அணியான பிளாக் பேரன்ஸின் சொந்த மைதானம் அது. 1948-ல் பதினேழு வயது வில்லி மேஸ் அந்த அணிக்காக ஆடினார். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 18-ல், 93 வயதில் மேஸ் காலமானார். கொண்டாட்டம் என்று கிளம்பி வந்த கூட்டம் அஞ்சலிக் கூட்டமாக மாறியது. தொலைக்காட்சி நேரலையில் அமர்ந்த ரெஜி ஜாக்சன், அதே ஊரில் இளைஞராகத் தான் பட்ட அவமானங்களை, உணவகத்திலும் விடுதியிலும் விரட்டப்பட்டதை, மறைக்காமல் சொன்னார். ஒரு நல்ல ஆட்டக்காரரின் வாழ்க்கையைக் கொண்டாடும்போது அதையும் பேசத்தான் வேண்டும்.

ஷோஹெய் ஒட்டானியும் ஒரு நாயும்

டாட்ஜர்ஸ் ரசிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த ஒட்டானி, முழங்கை அறுவைச் சிகிச்சை காரணமாக 2024-ல் பந்து வீசவில்லை, மட்டை மட்டும் பிடித்தார். பேஸ் பலகைகளைப் பெரிதாக்கி, பிட்சர் ஓட்டக்காரரை மிரட்டும் முறைகளுக்கும் வரம்பு வைத்த 2023-ன் புதிய விதிகளால் பேஸ் திருடுவது, அதாவது பிட்சர் அசரும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, எளிதாகியிருந்தது. ஒட்டானி அதை முழுசாகப் பயன்படுத்தினார். ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 திருட்டு என்ற எண்ணிக்கையை அதுவரை எவரும் தொட்டதில்லை. செப்டம்பர் 19 அன்று மயாமியில் தொட்டார். அன்று ஆறு முறை மட்டையோடு வந்தார், ஆறு முறையும் ஹிட். அதில் மூன்று ஹோம் ரன். கூடவே இரண்டு திருட்டு, அணிக்குப் பத்து ரன். அந்த ஐம்பதாவது பந்து பிறகு ஏலத்தில் ஏறத்தாழ 44 லட்சம் டாலருக்குப் போனது.

ரசிகர்கள் இன்னும் பேசுவது ஆகஸ்ட் 28-ஐப் பற்றி. அன்று ஒட்டானியும் அவருடைய நாய் டிகாயும் சேர்ந்த தலையாட்டிப் பொம்மை கொடுத்தார்கள். அதற்காக வரிசை பல மணி நேரம் முன்பே நீண்டது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பந்தை வாயில் கவ்விக்கொண்டு டிகாய் ஓடிவந்து, கீழே குந்தியிருந்த ஒட்டானியிடம் சேர்த்தது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள், அணியின் முதல் பேட்டராக வந்து ஹோம் ரன் அடித்தார் ஒட்டானி.

அதே மைதானத்தில் ஆகஸ்ட் 5 அன்று வேறு மாதிரி ஒரு கைதட்டல் கேட்டது. டாட்ஜர்ஸின் ஃபிரெடி ஃப்ரீமன் தன் மூன்று வயது மகனின் கடுமையான நோய் காரணமாகச் சில ஆட்டங்களில் இல்லாமல் இருந்து திரும்பினார். முதன்முறை மட்டையோடு வந்தபோது ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். எதிரணியான ஃபிலடெல்பியா ஆட்டக்காரர்களும் கைதட்டினார்கள். ஃப்ரீமன் கண்களைத் துடைத்துக்கொண்டார். அக்டோபர் 25, வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், எதிரணியான யாங்கீஸ் ஒரு ரன் முன்னிலை. கணுக்கால் சுளுக்கோடு நின்ற அதே ஃப்ரீமன் முதல் பந்தையே காலரிக்கு அனுப்பினார். வேர்ல்டு சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தை அங்கேயே முடித்த முதல் கிராண்ட் ஸ்லாம். ஆகஸ்டில் எழுந்து நின்றவர்கள் அந்தப் பந்தை வெறும் நான்கு ரன்னாகப் பார்த்திருக்க முடியாது. ஐந்தாவது ஆட்டத்தில் 5-0 என்று முன்னிலையில் இருந்த யாங்கீஸ், ஒரே இன்னிங்ஸில் தவறுக்குமேல் தவறாகச் செய்து அதை இழந்தது. 7-6 என்று ஜெயித்து டாட்ஜர்ஸ் கோப்பையை எடுத்துப்போனது.

ஓக்லாந்து

என்னைப் பொறுத்தவரை 2024-ன் பெரிய ஆட்டம் அந்த வேர்ல்டு சீரிஸில் இல்லை. செப்டம்பர் 26, ஓக்லாந்து கொலிசியம். 1968-லிருந்து அந்த ஊரில் ஆடிய அத்லெடிக்ஸ் அணியின் கடைசி உள்ளூர் ஆட்டம்.

அங்கே நான்கு கோப்பை வென்ற அணி அது: 1972, 73, 74, 89. மைதானம் பழசு, கழிவுநீர் பொங்கும், பூனைகள் திரியும். ஆனாலும் வலதுபுறக் காலரியில் டிரம் அடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் போல் வேறெங்கும் கிடையாது. உரிமையாளர் ஜான் ஃபிஷர் அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார். ரசிகர்கள் வருவதில்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் ஒவ்வொருவராக விற்றுவிட்டு, டிக்கெட் விலையையும் ஏற்றிவிட்டுச் சொன்ன காரணம் அது. ஓக்லாந்துக்காரர்கள் பதில் சொன்ன விதம் அபாரம். 2023 ஜூன் 13 அன்று, புறக்கணிப்புக்குத் தலைகீழாக, எல்லோரும் வாருங்கள் என்று அழைத்தார்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, 27,759 பேர். பலர் உடம்பில் ‘விற்றுவிடு’ என்று எழுதிய பச்சைச் சட்டை. அணியும் அன்று ஜெயித்தது. ஆனாலும் அந்த நவம்பரில் 30 அணிகளின் உரிமையாளர்களும் ஒரு மனதாக வேகாஸுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

கடைசி நாளில் 46,889 பேர் வந்தார்கள். ஓக்லாந்தில் வளர்ந்து, 1,406 பேஸ்களைத் திருடி உலகச் சாதனை வைத்திருக்கும் ரிக்கி ஹெண்டர்சனும் அணியின் முன்னாள் பிட்சர் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்தை வீசினார்கள். டெக்சாஸ் ரேஞ்சர்ஸை அத்லெடிக்ஸ் 3-2 என்று வென்றது. மேலாளர் மார்க் காட்சே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, ‘லெட்ஸ் கோ ஓக்லாந்து’ என்று ஆரம்பித்துவைக்க, மொத்த அரங்கமும் கத்தியது. ஆட்டம் முடிந்தும் போக மனமில்லாமல் வேலியோரம் நின்றவர்களுக்கு மைதானப் பணியாளர்கள் ஆடுகளத்து மண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். அந்த டிசம்பர் 20-ல் ஹெண்டர்சன் காலமானார்.

அணி இப்போது வேகாஸில் மைதானம் கட்டி முடியும்வரை சாக்ரமென்டோ பக்கத்தில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறது. பெயரில் எந்த ஊரும் இல்லை, அத்லெடிக்ஸ் என்று மட்டும். ஓக்லாந்தின் பச்சைச் சட்டைக்காரர்கள் அதே 2024-ல் புதிதாக ஆடத் தொடங்கிய ஓக்லாந்து பாலர்ஸ் என்ற அணியின் பக்கம் போனார்கள். எந்த மேஜர் லீக் அணியின் கீழும் இல்லாமல், பயனியர் லீக்கில் ஆடும் அணி. மேற்கு ஓக்லாந்தின் ரைமண்டி பார்க்கில், நகரத்துப் பூங்கா ஒன்றைச் சீரமைத்து ஆடுகிறார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தங்கள் காசைப் போட்டு அதில் பங்குதாரர் ஆனார்கள். டிரம் கூட்டமும் அங்கேதான். 2025 செப்டம்பரில் பாலர்ஸ் கோப்பையை வென்றது. 1989-க்குப் பிறகு ஓக்லாந்துக்கு வந்த முதல் பேஸ்பால் கோப்பை அது.